புள்ளியும் பிலிமும்: சுவடி நிழற்படங்களை மின்படியாக்க வருடி தெரிவுசெய்தல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சுவடிகள், அரிய நூல்கள், கல்வெட்டுகள் ஆகியவற்றுள் பலவற்றின் மூலம் அழிந்துவிட்ட நிலையில், அவற்றின் நிழற்பட நெகட்டிவ்களே இன்று மூலச் சான்றுகளாக எஞ்சியுள்ளன. இவற்றை மின்படியாக்கும் ஆய்வாளர்கள், ஸ்கேனர் எனப் பரவலாக அறியப்படும் வருடியை அதன் விளம்பரத்தில் காணும் எண்ணைக் கொண்டே தெரிவுசெய்கின்றனர். பிலிமின் அளவு, அதில் பதிவாகியுள்ள மிகச் சிறிய எழுத்துறுப்பின் அளவு, வருடியின் உண்மைப் பிரிதிறன் ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்த்தே வருடியைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் எழுத்தில் அந்த மிகச் சிறிய உறுப்பு மெய்யெழுத்தின் புள்ளியே ஆதலால், புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு 35 மி.மீ., 120, தாள் பிலிம் ஆகிய வடிவங்களுக்கு ஏற்ற வருடிகள் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சுவடியியல், நெகட்டிவ், பிரிதிறன், சமதள வருடி, பிலிம் வருடி, குறுக்க விகிதம், மெய்ப்புள்ளி, மின்படியாக்கம்.

1. முன்னுரை

மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் விதிக்கின்றது. எனினும் ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதுவதே பெருவழக்காக இருந்துள்ளது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதுறும் என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணமாகும். ஒரு சுவடியில் புள்ளி உண்டா, இல்லையா, எங்கெங்கு உண்டு என்பன சுவடிப் பதிப்பில் தொடக்கநிலைக் கேள்விகள். எழுதியவரின் பழக்கம், பாட வேறுபாடு, சில வேளைகளில் சுவடியின் காலம் பற்றிய கருத்துகள் வரை இக்கேள்விகளின் விடையைச் சார்ந்துள்ளன.

ஆய்வாளர் ஓலையை நேரில் காணும்போது இக்கேள்விக்கு அவர் கண்ணே விடை தரும். ஓலை இன்றி நெகட்டிவ் மட்டும் எஞ்சியிருக்கும்போது, அவருக்கும் ஓலைக்கும் இடையே கேமரா, பிலிம், வருடி என மூன்று கருவிகள் நிற்கின்றன. அவற்றுள் முதலிரண்டும் கடந்த காலத்தில் முடிந்துபோனவை. மூன்றாவது ஒன்றே இன்றைய ஆய்வாளரின் தெரிவுக்கு உட்பட்டது. அத்தெரிவு பிழைத்தால், சுவடியில் இருந்த புள்ளி திரையில் இல்லாமற் போகும். இல்லாததைக் கண்டு ‘எழுதியவர் புள்ளியிடவில்லை’ என்னும் முடிவுக்கு ஆய்வாளர் வந்துவிடக்கூடும். இக்கட்டுரையின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

2. சிக்கல் எழுந்த இடம்

இக்கட்டுரையாளரின் முனைவர் பட்ட ஆய்வுக்கு உரிய சான்றுகளுள் ஒன்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் 1970களில் எடுத்துவைத்த நெகட்டிவ் தொகுதியாகும். மருத்துவச் சுவடி ஒன்றின் ஓலைகள் அதில் படமாக்கப்பட்டுள்ளன. பெரும்பகுதி 35 மி.மீ. பிலிம், சில சுருள்கள் 120 வகை, சில ஓலைகள் மட்டும் 4×5 அங்குலத் தாள் பிலிமில் உள்ளன. சுவடி பின்னர்க் கரையானுக்கு இரையாயிற்று என்பதைக் குடும்பத்தார் வாயிலாக அறிய முடிந்தது.

முதலில் இந்நெகட்டிவ்கள் நகரில் உள்ள நிழற்பட நிலையம் ஒன்றில் சமதள வருடியைக் கொண்டு, ‘6400’ என்னும் உயர்ந்த அமைப்பில் மின்படியாக்கப்பட்டன. கோப்புகள் மிகப் பெரியனவாக இருந்தன. எழுத்துகள் படிக்கத் தக்கனவாகவும் இருந்தன. 35 மி.மீ. படங்களில் எங்கும் புள்ளி காணப்படவில்லை. இச்சுவடியை எழுதியவர் புள்ளியை அறவே பயன்படுத்தவில்லை என்று ஆய்வேட்டின் ஓர் இயலில் எழுதப்பட்டது. அவ்வியலைப் படித்த நெறியாளர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பிலிமைப் பார்த்தீர்களா?”

ஒளிமேசையில் நெகட்டிவை வைத்து உருப்பெருக்கியால் நோக்கியபோது சில இடங்களில் புள்ளி இருப்பது தெரிந்தது. வேறொரு துறையில் இருந்த பழைய 35 மி.மீ. பிலிம் வருடியைக் கொண்டு மீண்டும் படியெடுத்தபோது ஐயம் நீங்கியது. எழுதியவர் எல்லா மெய்களுக்கும் புள்ளியிடவில்லை. பொருள் மயங்கும் இடங்களில் மட்டும் இட்டிருந்தார். ‘பலநோய்’ என முதற்படியில் படிக்கப்பட்ட தலைப்பு ஒன்று, இரண்டாம் படியில் ‘பல்நோய்’ எனத் தெளிந்தது. பல நோய்களுக்கான பொது மருந்து எனக் கொள்ளப்பட்டது, பல்லுக்கு உரிய மருந்தாயிற்று. எழுதப்பட்ட இயலும் திருத்தப்பட்டது.

தாள் பிலிமில் இருந்த ஓலைகளில் மட்டும் முதற்படியிலேயே புள்ளி தெளிவாகத் தெரிந்திருந்தது என்பதும் பின்னரே கவனத்துக்கு வந்தது. ஒரே வருடி ஒரு பிலிமில் புள்ளியைக் காட்டி, மற்றொரு பிலிமில் மறைத்தது ஏன் என்பதே இனி ஆராயப்படுவது.

3. பிலிம் வடிவங்கள்

நிழற்படத் துறையில் ‘வடிவம்’ என்பது பிலிமின் அகலத்தையும் அதில் ஒரு படம் கொள்ளும் சட்டகத்தின் அளவையும் குறிக்கும். தமிழாய்வில் எதிர்ப்படும் வடிவங்கள் வருமாறு:

35 மி.மீ. பிலிம்: 135 எனவும் வழங்கும். கோடாக் நிறுவனம் 1934-இல் இதனை உறையிட்ட சுருளாக வெளியிட்டது. சட்டகம் 24×36 மி.மீ. களப்பணிப் படங்களும் ஸ்லைடுகளும் பெரும்பாலும் இவ்வடிவினவே. நூலகங்களின் நுண்படச் சுருள்களும் 35 மி.மீ. அகலமுடையவை; 16 மி.மீ. சுருள்களும் உண்டு. 1994-இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் தமிழ் நூல் பாதுகாப்புப் பணி நுண்படத்தைச் சார்ந்தே தொடங்கியது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

120 பிலிம்: 1901-இல் அறிமுகமாகி இன்றும் வழக்கிலுள்ளது. பிலிமின் அகலம் ஏறத்தாழ 6 செ.மீ. கேமராவுக்கு ஏற்பச் சட்டகம் 6×4.5, 6×6, 6×7, 6×9 செ.மீ. எனப் பெயர் பெறும். உண்மையான படப்பரப்பு சற்றுக் குறைவு. 6×6 என்பது 56×56 மி.மீ. ஆகும். இந்திய வீடுகளில் பரவலாக இருந்த ஆக்ஃபா கிளிக் III கேமரா இவ்வடிவினதே. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்னும் பெயரில் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் பிலிமும் பழைய தொகுதிகளில் கிடைக்கும்.

தாள் பிலிமும் கண்ணாடித் தகடும்: 4×5, 5×7, 8×10 அங்குலம் முதலிய அளவுகளில் தனித்தனித் தாள்களாக அமைந்தவை. பழைய நிழற்பட நிலையங்களில் கால் தகடு, அரைத் தகடு, முழுத் தகடு என்னும் அளவுகளும் வழங்கின. முழுத் தகடு 6½×8½ அங்குலம்.

சிறு வடிவங்கள்: 1963-இல் வந்த 126 வகை (28×28 மி.மீ.), 1972-இல் வந்த 110 வகை (13×17 மி.மீ.) ஆகியன குடும்பப் படத் தொகுதிகளில் காணப்படும். சுவடி ஆய்வில் இவை அரியன.

4. புள்ளி பிலிமில் எவ்வளவு பெரியது?

வருடியைத் தெரிவுசெய்யுமுன் விடை காண வேண்டிய கேள்வி இதுவே. எடுத்துக்காட்டாக, 40 செ.மீ. நீளமுள்ள ஓலையைக் கொள்வோம். அதில் எழுத்தாணியால் குத்தப்பட்ட புள்ளியின் குறுக்களவு 0.3 மி.மீ. எனக் கொள்வோம். ஓலையின் முழு நீளமும் சட்டகத்தின் நீளத்துள் அடங்குமாறு படம் எடுக்கப்பட்டால், 35 மி.மீ. பிலிமில் ஓலை ஏறத்தாழ 11 மடங்கு குறுகும். புள்ளியும் அவ்வாறே குறுகி 0.027 மி.மீ. ஆகும். 4×5 அங்குலத் தாளில் 12 செ.மீ. நீளம் பயன்பட்டதாகக் கொண்டால் குறுக்கம் 3.3 மடங்கே, புள்ளி 0.09 மி.மீ. அளவில் நிற்கும்.

பிலிமின் செலவைக் குறைக்க, அக்காலத்தில் ஆறேழு ஓலைகளை அடுக்கி ஒரே சட்டகத்துள் எடுப்பதும் உண்டு. 35 மி.மீ. சட்டகத்தின் அகலப் பக்கம் இதற்கு இடம் தரும். ஓலையின் நீளமே குறுக்கத்தை முடிவுசெய்வதால், அடுக்கி எடுத்தாலும் தனித்து எடுத்தாலும் புள்ளியின் அளவு மாறுவதில்லை. ஓலை நீளமாகும்போதே புள்ளி சிறுக்கும்.

வருடியின் பிரிதிறன் ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்களைப் பிரித்து அறிகிறது என்பதால் அளக்கப்படும். உண்மையில் 1500, 2400, 4000 என்னும் பிரிதிறன் கொண்ட மூன்று வருடிகளில் மேற்கூறிய புள்ளி எத்தனை பிக்சல் அகலம் பெறும் என்பதைக் கீழ்வரும் கணக்கு காட்டும்:

35 மி.மீ. (36 மி.மீ. நீளம்): 1500-இல் 1.6, 2400-இல் 2.6, 4000-இல் 4.3 பிக்சல்.
6×6 (56 மி.மீ. நீளம்): 1500-இல் 2.5, 2400-இல் 4.0, 4000-இல் 6.6 பிக்சல்.
6×9 (84 மி.மீ. நீளம்): 1500-இல் 3.7, 2400-இல் 6.0, 4000-இல் 9.9 பிக்சல்.
4×5 அங்குலம் (120 மி.மீ. நீளம்): 1500-இல் 5.3, 2400-இல் 8.5, 4000-இல் 14.2 பிக்சல்.

ஓர் உறுப்பு ஒன்றிரண்டு பிக்சல் அகலமே பெறுமாயின், அது பிலிமின் மணியுருவோடும் ஓலையின் நரம்போடும் கலந்து மறையும். குறைந்தது மூன்று பிக்சலாவது பெற்றாலன்றிப் புள்ளியை உறுதியாகச் சொல்ல இயலாது என்பதே இக்கட்டுரையாளர் தம் படிகளில் கண்டது. அதுவே இங்குக் கீழெல்லையாகக் கொள்ளப்படுகிறது. இவ்வெல்லையை மேலுள்ள கணக்கோடு பொருத்தினால் முன்னர்க் கூறிய சிக்கல் விளங்கும். 1500 அளவே உண்மைத் திறனுடைய வருடி, தாள் பிலிமுக்குப் போதும், 6×6 பிலிமில் தடுமாறும், 35 மி.மீ. பிலிமில் தோற்கும்.

அச்சு நூல்களின் நுண்படங்களுக்கும் இக்கணக்கே பொருந்தும். 14 மடங்கு குறுக்கத்தில் எடுக்கப்பட்ட பக்கத்தில் 0.4 மி.மீ. அச்சுப்புள்ளி 0.029 மி.மீ. ஆகிறது. 4000 பிரிதிறனில் அது 4.5 பிக்சல், 1500-இல் 1.7 பிக்சல் மட்டுமே.

5. அறிவிக்கப்பட்ட எண்ணும் உண்மைப் பிரிதிறனும்

6400 என்னும் அமைப்பில் எடுத்த படி ஏன் பயன்படவில்லை என்பதற்கு விடை இங்குள்ளது. வருடியின் உணர்வி ஓர் அங்குலத்தில் எத்தனை முறை மாதிரி எடுக்கிறது என்பதையே தயாரிப்பாளர் அறிவிக்கின்றனர். அந்த மாதிரிகளுக்கு வேண்டிய நுண்மையை வில்லை கொண்டுசேர்க்கிறதா, பிலிம் சரியான குவிய உயரத்தில் உள்ளதா என்பன வேறு. வில்லை தராத நுண்மையை உணர்வி பெறாது. அதே மங்கலைப் பல பிக்சல்களில் பரப்பிக் கோப்பின் எடையை மட்டும் கூட்டும்.

6400 என அறிவிக்கப்படும் எப்சன் வி600, வி850 ஆகிய சமதள வருடிகளும், 7200 என அறிவிக்கப்படும் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200 என்னும் 35 மி.மீ. வருடியும் உண்மையில் அவ்வெண்களில் பாதியை எட்டுவதில்லை. இவற்றுள் வி850-இன் திறன் வி600-ஐவிடக் கூடுதல். பிளஸ்டெக்கின் திறன் அவ்விரண்டையும்விடக் கூடுதல். மாறாக, 4000 என அறிவிக்கப்பட்ட நிக்கான் கூல்ஸ்கேன் 5000 அவ்வெண்ணை ஒட்டியே செயற்படுவது. ஆகவே 4000 என்னும் எண், 6400 என்னும் எண்ணைவிட உண்மையில் பெரியதாக இருத்தல் கூடும்.

இதனை ஆய்வாளரே அளந்தறியலாம். அமெரிக்க விமானப்படையின் 1951-ஆம் ஆண்டுச் சோதனை வரைவு, கண்ணாடித் தகட்டில் பதித்ததாகக் கிடைக்கிறது. வரவரச் சிறுக்கும் கோட்டுத் தொகுதிகள் அதில் உள்ளன. அதனை வருடியில் இட்டுப் படியெடுத்து, எந்தத் தொகுதி வரை கோடுகள் பிரிந்து தெரிகின்றன என்று நோக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பிரிந்து தெரியும் கோட்டிணைகளின் எண்ணிக்கையை 50.8 ஆல் பெருக்கினால் அங்குலக் கணக்கிலான உண்மைப் பிரிதிறன் கிட்டும். 28.5 கோட்டிணை எனில் ஏறத்தாழ 1450, 40.3 எனில் 2050; 57 எனில் 2900; 80.6 எனில் 4100. பிலிம் வருடிகளின் பிரிதிறனை அளப்பதற்கென ஐஎஸ்ஓ 16067-2 என்னும் பன்னாட்டுத் தரமும் உள்ளது.

பிலிமில் இல்லாததை எந்த வருடியும் தராது என்பதையும் உடன் கருத வேண்டும். எளிய வில்லை கொண்ட கேமராவில், கையில் பிடித்து எடுத்த 6×6 நெகட்டிவுக்கு 4000 பிரிதிறன் வீண். நிலைத்தாங்கியில் கேமராவை நிறுத்தி நுண்மணிப் பிலிமில் எடுத்த 35 மி.மீ. படத்துக்கு அதே 4000 இன்றியமையாதது. எது எத்தகையது என்பதை ஒளிமேசையும் பத்து மடங்கு உருப்பெருக்கியும் காட்டிவிடும். வருடியைத் தேடுமுன் செய்ய வேண்டிய சோதனை இது.

6. வருடி வகைகளும் அவற்றுக்குரிய வடிவங்களும்

6.1 சமதள வருடி

கண்ணாடிப் பரப்பின்மீது பிலிமை வைத்து, மூடியில் உள்ள விளக்கால் ஒளியூட்டிப் படியெடுப்பது. மூடியில் விளக்கில்லாத சாதாரண ஆவண வருடி பிலிமுக்குப் பயன்படாது. விளக்கின் பரப்பே எந்த வடிவம் வரை இயலும் என்பதை முடிவுசெய்யும்: வி600-இல் 120 பிலிம் வரை மட்டுமே இயலும், வி850-இல் 8×10 அங்குலம் வரை இயலும். தாள் பிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இவ்வகையே எளிதும் போதுமானதும் ஆகும். 120 பிலிமுக்கு உயர்தரச் சமதள வருடி ஏற்கத்தக்கது. 35 மி.மீ. சுவடிப் படங்களுக்கும் நுண்படங்களுக்கும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். பட்டியலிடுவதற்கான முன்னோட்டப் படியெடுக்கலாம்.

இவ்வகையில் குவிய உயரம் கவனத்துக்கு உரியது. வளைந்த பிலிம் தன் இருக்கையிலிருந்து சற்றே எழும்பினும் நுண்மை குறையும். பிலிமைக் கண்ணாடியோடு ஒட்டவைத்தால் எண்ணெய்ப் படலம் போன்ற நியூட்டன் வளையங்கள் தோன்றும். அதனைத் தடுக்கும் சொரசொரப்பான கண்ணாடி பொருத்திய தாங்கிகளைப் பயன்படுத்த வேண்டும்.

6.2 பிலிம் வருடி

பிலிமுக்கென்றே அமைந்தது, இடையில் கண்ணாடிப் பரப்பு இல்லாதது, பெரும்பாலும் ஒரு வடிவத்துக்கே உரியது. 35 மி.மீ. தொகுதிக்கு முதல் தெரிவு இதுவே. 120 பிலிமையும் ஏற்கும் நிக்கான் கூல்ஸ்கேன் 9000 போன்றவை இன்று தயாரிப்பில் இல்லை. பழையன வாங்குவோர், தம் கணினியோடு அவை இணையுமா, பழுதுநீக்க ஆள் உண்டா என்பவற்றை முன்னரே உறுதிசெய்ய வேண்டும். 120 பிலிமுக்குப் பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 120 வரிசை உள்ளது. தாள் பிலிம் இவ்வகை வருடிகளுள் நுழையாது.

பிலிமைத் துண்டு துண்டாக வெட்டிவைத்த பழைய தொகுதிகளில், ஒரே ஒரு சட்டகம் கொண்ட துண்டுகள் மிகுதியாக இருக்கும். தானே இழுத்துக்கொள்ளும் பொறியமைப்புடைய வருடி இத்துண்டுகளை ஏற்காமற் போகலாம். தட்டில் வைத்துத் தள்ளும் வகை இங்குப் பாதுகாப்பானது.

6.3 கேமராவழிப் படியெடுப்பு

ஒளிமேசையில் வைத்த நெகட்டிவை, அண்மை வில்லை பொருத்திய எண்ணிமக் கேமராவால் படமெடுக்கும் முறை இது. 36×24 மி.மீ. உணர்வியும் 6000×4000 பிக்சலும் உடைய கேமரா, 35 மி.மீ. சட்டகத்தை ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவில் எடுத்தால் கணக்குப்படி அங்குலத்திற்கு ஏறத்தாழ 4200 பிக்சல் கிட்டும். பல துறைகளில் கேமரா முன்னரே உள்ளதால் புதிதாகத் தேவைப்படுவன அண்மை வில்லையும் நிலைத்தாங்கியும் சீரான ஒளிமேசையும் மட்டுமே. ஒரு சட்டகத்துக்குச் சில நொடிகளே ஆகும்.

பிலிம் பெரிதாகும்போது இம்முறையின் கணக்கு மாறும். அதே கேமராவால் 6×6 சட்டகத்தை ஒரே படமாக எடுத்தால் 1800 அளவே கிட்டும். 4×5 தாளுக்கு 1000 மட்டுமே. பகுதி பகுதியாக எடுத்து இணைத்தால் குறை நீங்கும். 6×6 சட்டகத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் முழுமையாக எடுக்க ஆறு படங்கள் வேண்டும். பகுதிகளாக எடுத்து இணைக்கும் முறை புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளை 1858-இல் லின்னயஸ் டிரைப் அவ்வாறே தொடர் படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக ஒட்டினார். எனினும் இணைப்பு மென்பொருள் இணைப்புக் கோட்டில் எழுத்தைச் சிதைக்கக்கூடும். இணைக்காத தனிப்படங்களையும் உடன் காத்துவைத்தல் நன்று.

கேமராவும் பிலிமும் முற்றிலும் இணையாக அமைதல் வேண்டும். சற்றே சாய்ந்தாலும் ஓலையின் ஒரு முனை தெளிந்து மறுமுனை மங்கும். பிலிம் கிடக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வைத்து, அதில் வில்லையின் பிம்பம் சட்டகத்தின் நடுவே விழுமாறு சரிசெய்வது எளிய வழி.

6.4 உருளை வருடி

பிலிமைச் சுழலும் உருளைமீது திரவத்துடன் ஒட்டி, ஒளிப்பெருக்கிக் குழாயால் படியெடுப்பது. பிரிதிறனிலும் அடர்த்தியிலும் இதுவே உயர்ந்தது. எனினும் திரவமும் ஒட்டுதலும் சுழற்சியும் நொய்ந்த பிலிமுக்கு ஊறு விளைக்கக்கூடியன. கண்ணாடித் தகட்டை உருளையில் வளைக்க இயலாது. ஆய்வுத் தொகுதி முழுமைக்கும் இது பொருந்தாது.

7. அடர்த்தி

பிலிமின் கருமை ‘அடர்த்தி’ என்னும் மடக்கை எண்ணால் குறிக்கப்படும். 2.0 எனில் நூற்றில் ஒரு பங்கு ஒளியும், 3.0 எனில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியும் ஊடுருவும். முறையாகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவ் பெரும்பாலும் 2.5-ஐத் தாண்டுவதில்லை, இதனை எல்லா வருடிகளும் கையாளும். வண்ண ஸ்லைடின் கருமை 3.5-ஐயும் கடக்கும். கோயிற் சிற்பங்கள், சுவரோவியங்கள் ஆகியவற்றின் ஸ்லைடுகளில் நிழற்பகுதி வெறும் கருமையாக வந்தால், குறை பெரும்பாலும் வருடியின் அடர்த்தி எல்லையில் உள்ளது. எனவே கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குப் பிரிதிறனையும், ஸ்லைடுக்குப் பிரிதிறனோடு அடர்த்தி எல்லையையும் நோக்கித் தெரிவுசெய்ய வேண்டும்.

8. தூசியா, புள்ளியா?

வருடிகள் பலவற்றில் தூசி நீக்கும் வசதி உண்டு. அகச்சிவப்புக் கதிரால் மற்றொரு படியெடுத்து, அக்கதிரைத் தடுக்கும் இடங்களைத் தூசி எனக் கொண்டு நிரப்புவது அதன் இயக்கம். வண்ணப் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பை ஊடுருவ விடுவதால் அங்கு அது பயன்படும். மரபான கறுப்பு வெள்ளைப் பிலிமில் படத்தை ஆக்கியிருப்பது வெள்ளி. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஆகவே கருவி படத்தையே தூசியாக எண்ணிச் சிதைக்கும். கோடாக்குரோம் ஸ்லைடுகளிலும் இச்சிக்கல் எழும். அகச்சிவப்பு இன்றி மென்பொருளால் மட்டும் தூசி நீக்கும் முறை, சிறிய தனிப்புள்ளிகளைத் தேடி அழிப்பது. மெய்ப்புள்ளியும் சிறிய தனிப்புள்ளியே. சுவடிப் படங்களுக்கு இவ்விரண்டையும் முற்றிலும் அணைத்துவைத்தல் வேண்டும்.

மறுதலையான பிழையும் நேரும். நெகட்டிவின் மேல் கிடக்கும் தூசி, நேர்ப்படமாக மாற்றியபின் வெண்மையாகத் தெரியும். மை தடவிய ஓலையில் புள்ளி கருமையாக இருக்குமாதலால் இரண்டும் மயங்கா. மை தடவாத ஓலையில் கீறல் வெளிறித் தெரியுமாதலால் மயங்கும். பிலிமின் பூச்சில் உள்ள ஊசித்துளை, நேர்ப்படத்தில் கரும்புள்ளியாக வந்து இல்லாத புள்ளியை உண்டாக்கும். ஸ்லைடிலோ தூசியே கரும்புள்ளியாகும்.

இம்மயக்கத்தை நீக்க எளிய வழி உண்டு. காற்றூதியால் தூசியைப் போக்கி இருமுறை படியெடுக்க வேண்டும். இடம்பெயர்ந்தது தூசி, பெயராதது பிலிமில் உள்ளது. பெயராததைப் பிலிமின் பூச்சுப் பக்கத்தில் சாய்வொளி பாய்ச்சி உருப்பெருக்கியால் நோக்கினால், துளையாயின் அதன் விளிம்பு தெரியும்.

கூர்மையூட்டலையும் தவிர்க்க வேண்டும். அது எழுத்தின் விளிம்பில் பொய்க்கோடுகளை வரையும். மூலப்படியை 16 பிட் டிஃப் கோப்பாகவே சேமித்தல் நன்று. கறுப்பு வெள்ளையில் 35 மி.மீ. சட்டகம் 4000 பிரிதிறனில் ஏறத்தாழ 43 மெகாபைட்டும், 6×6 சட்டகம் 2400-இல் 56 மெகாபைட்டும், 4×5 தாள் 2400-இல் 230 மெகாபைட்டும் கொள்ளும். முழுத் தொகுதிக்கும் இரு படிகள் வேண்டும் என்பதைக் கருதிச் சேமிப்பகத்தைத் திட்டமிட வேண்டும்.

9. பிலிமின் உடல்நிலை

வருடி எதுவாயினும் அதற்குமுன் பிலிமின் அடித்தளத்தை அறிதல் கடமை. 1950களின் தொடக்கத்துக்கு முற்பட்டவற்றுள் நைட்ரேட் பிலிம் இருக்கக்கூடும். அது எளிதில் தீப்பற்றும். ஐயமுள்ளதைச் சூடேறும் விளக்குள்ள கருவியில் இடாமல், பாதுகாப்பு வல்லுநரிடம் காட்ட வேண்டும். பிற்காலத்து அசிட்டேட் பிலிம் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிதைந்து புளிக்காடி மணம் வீசும், சுருங்கி நெளியும். தமிழகத்தின் தட்பவெப்பம் இச்சிதைவை விரைவுபடுத்துவது. மணம் வீசும் நெகட்டிவ்களைத் தனியே பிரித்து, முதலில் படியெடுத்தல் வேண்டும். நெளிந்த பிலிமை இழுக்கும் பொறியில் இடலாகாது. கேமராவழிப் படியெடுப்பே அதற்கு உரியது. ஒருமுறை படியெடுத்தபின் மறுமுறைக்கு அது தாங்குமா என்பது உறுதியன்று. அதனாலேயே முதன்முறைக்கான வருடித் தெரிவு பிழையின்றி அமைய வேண்டியுள்ளது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• வருடித் தெரிவு, பதிவில் உள்ள மிகச் சிறிய உறுப்பிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்ச் சுவடிப் படங்களில் அவ்வுறுப்பு மெய்ப்புள்ளி. அது குறைந்தது மூன்று பிக்சலாவது பெறுமாறு பிரிதிறன் அமைதல் வேண்டும்.

• 35 மி.மீ. பிலிமுக்கும் நுண்படத்துக்கும் பிலிம் வருடி அல்லது ஒன்றுக்கு ஒன்று அளவிலான கேமராவழிப் படியெடுப்பு. 120 பிலிமுக்கு உயர்தரச் சமதள வருடி, பிலிம் வருடி அல்லது பகுதிகளாக எடுத்து இணைக்கும் கேமரா முறை. தாள் பிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் சமதள வருடி என்பன ஏற்புடையன.

• பல வடிவங்கள் கலந்த தொகுதிக்கு ஒரே கருவி போதாது. நிதி குறைவாயின், தாள் பிலிமுக்கு ஒரு சமதள வருடியும் 35 மி.மீ. பிலிமுக்குத் துறையின் கேமராவும் என்னும் இணை பயனளிக்கும்.

• அறிவிக்கப்பட்ட எண்ணைக் கொள்ளாமல் சோதனை வரைவால் அளந்த எண்ணையே கொள்ள வேண்டும். தூசி நீக்கும் வசதியையும் கூர்மையூட்டலையும் அணைத்துவைக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு பரிந்துரையும் முன்வைக்கப்படுகிறது. நெகட்டிவிலிருந்து சுவடியைப் பதிப்பிப்போர், பிலிமின் வடிவம், குறுக்க விகிதம், வருடி, அளந்தறிந்த பிரிதிறன் ஆகிய நான்கையும் பதிப்பு முன்னுரையில் குறிப்பிடுதல் வேண்டும். ‘இச்சுவடியில் புள்ளி இல்லை’ என்னும் கூற்றுக்கு அந்நான்கும் சான்று. அவை இல்லாதபோது அக்கூற்று ஓலையைப் பற்றியதா, வருடியைப் பற்றியதா என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லை. தம் ஆய்வேட்டில் ஓர் இயலைத் திருத்தி எழுத நேர்ந்த இக்கட்டுரையாளர், பிறருக்கு அந்நிலை நேராதிருக்க இவ்விளக்கம் உதவும் எனக் கருதுகிறார்.